கழித்தல் குறி யாருக்குச் சொந்தம்?

5 − யா = 8

இந்தக் கணக்கில் ‘யா’ என்பது நமக்குத் தெரியாத எண். உங்கள் பாடநூலில் அந்த இடத்தில் எக்ஸ் நிற்கும். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கரர் என்ற இந்தியக் கணித அறிஞர் தெரியாத எண்ணை ‘யா’ என்றுதான் எழுதினார். இரண்டாவதாக ஒரு தெரியாத எண் வந்தால் அதற்கு ‘கா’, மூன்றாவதற்கு ‘நீ’. எட்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக இருந்துவரும் எழுத்துகள். நாமும் இன்று அவற்றையே வைத்துக்கொள்வோம்.

சரி, யா எவ்வளவு? அவசரப்படும் பிள்ளை ‘3’ என்று சொல்லிவிடும். 5-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் 3 என்பது கண்ணில் உடனே படுகிறதே! ஆனால் 3-ஐ உள்ளே வைத்துப் பாருங்கள். 5-இல் 3 போனால் 2. எட்டு வரவில்லை. 5-இலிருந்து எதையோ கழித்த பிறகு அது 8 ஆகப் பெரிதாகியிருக்கிறது. அப்படியானால் கழித்தது சாதாரண எண்ணாக இருக்க முடியாது.

ராசா, கோலகுபு பாரு, பத்தாங் காலி, பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறவர்களுக்கு முதல் ஆண்டில் இரண்டு சுமை. கணிதத்தை வேறு மொழியில் படிக்க வேண்டும். எதிர்மறை எண்களோடும் பழக வேண்டும். படிவம் 1 கணித நூலில் முதல் பாடத்திலேயே எதிர்மறை எண்கள் வந்துவிடுகின்றன. நேரியல் சமன்பாடு ஆறாம் பாடம். அந்தப் பாடம் வருவதற்குள் மாதங்கள் ஓடி, முதலில் படித்தது மங்கிப்போகிறது. ‘எனக்கு அல்ஜீப்ரா வராது’ என்று சொல்கிற பிள்ளையின் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். கணக்கை அமைத்த விதம் சரியாக இருக்கும், கூட்டலும் வகுத்தலும் சரியாக இருக்கும், எங்கோ ஒரு கழித்தல் குறி மட்டும் வழியில் விழுந்திருக்கும். அந்த ஒரு கோட்டுக்காகப் பிள்ளை தன் மூளையையே சந்தேகப்படுவது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுவதையும் அந்தக் கோட்டுக்கே ஒதுக்குகிறேன்.

முதல் வேலை இது. 5 − யா என்று ஒரு தாளில் எழுதுங்கள். 5-ஐக் கட்டைவிரலால் மூடுங்கள். மீதி என்ன தெரிகிறது? ‘− யா’. குறி யா-வோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கழித்தல் குறி எப்போதும் தனக்கு அடுத்து வருவதற்கே சொந்தம். முன்னால் இருக்கும் 5-க்கும் அதற்கும் உறவு கிடையாது. 5-க்கு முன்னால் எதுவும் எழுதவில்லை என்பதால் 5 கூட்டல் எண். ஆகவே 5 − யா என்பதை, 5-ம் (−யா)-வும் சேர்ந்த கூட்டுத்தொகை என்று படிக்கலாம்.

இப்போது இரண்டு பக்கமும் 5-ஐ எடுத்துவிடுவோம். இடப்பக்கம் −யா மிஞ்சும். வலப்பக்கம் 8-இல் 5 போக 3.

−யா = 3

பலர் இந்த வரியோடு வேலை முடிந்தது என்று நினைத்து, கோட்டை விட்டுவிட்டு யா = 3 என்று எழுதிவிடுகிறார்கள். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. −யா என்றால் ‘யா-வின் எதிர்’. யா-வின் எதிர் 3 என்றால் யா என்பது −3. வைத்துப் பாருங்கள்: 5 − (−3) = 5 + 3 = 8. சரியாக வந்துவிட்டது.

‘எதிர்’ என்றால் என்ன என்று மனத்தில் படம் விழ வேண்டும். நம் ஊர் ரயில் பாதை அதற்குப் போதும். கேடிஎம் கொமுட்டர் ரயிலில் ராசா நிலையத்தைப் பூச்சியம் என்று வைத்துக்கொள்வோம். வடக்கே போனால் கூட்டல்: கோலகுபு பாரு 1, தஞ்சோங் மாலிம் 2. தெற்கே போனால் கழித்தல்: பத்தாங் காலி −1, செரெண்டா −2, ரவாங் −3, குவாங் −4, சுங்கை பூலோ −5. தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் நிலையங்களை மட்டும் எண்ணுகிறோம்.

ஒரு நிலையத்தின் எதிர் என்றால், ராசாவிலிருந்து அதே எண்ணிக்கையில் மறுபக்கம் இருக்கும் நிலையம். தஞ்சோங் மாலிமின் எதிர் செரெண்டா. செரெண்டாவின் எதிர்? மறுபடியும் தஞ்சோங் மாலிம். −(−2) = 2 என்று ஆசிரியர் பலகையில் எழுதுவது இதைத்தான்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். யா என்பது பத்தாங் காலி என்று வைத்தால் −யா எந்த நிலையம்? கோலகுபு பாரு, அதாவது 1. எழுதும்போது முன்னால் கோடு இருக்கிறது, ஆனால் மதிப்போ கூட்டல் எண்! −யா என்று பார்த்தவுடனேயே ‘இது எதிர்மறை எண்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. யா எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் −யா எந்தப் பக்கம் என்று சொல்ல முடியும். பெரிய வகுப்பு மாணவர்களே இதில் தடுமாறுவதுண்டு.

ஒரு பயணக் கணக்கு. நீங்கள் கோலகுபு பாருவில் ரயில் ஏறித் தெற்கே போகிறீர்கள். ரவாங்கில் இறங்குகிறீர்கள். எத்தனை நிலையம் கடந்து வந்தீர்கள்? ஏறிய இடம் 1. தெற்கே போவதால் யா-வைக் கழிக்கிறோம். இறங்கிய இடம் −3.

1 − யா = −3

இரு பக்கமும் 1-ஐ எடுத்தால் −யா = −4. யா-வின் எதிர் −4 என்றால் யா 4. விரல் விட்டு எண்ணுங்கள்: ராசா, பத்தாங் காலி, செரெண்டா, ரவாங். நாலுதான்.

‘பக்கம் மாறினால் குறி மாறும்.’ இந்த வாய்பாட்டை நீங்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். இதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுத்தால் பயனுண்டு. காரணம் சொல்லாமல் கொடுத்தால் கெடுதல்தான் அதிகம் என்பது என் கருத்து. சமன்பாட்டில் எதுவும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாவுவதில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்கிறோம், அவ்வளவுதான். யா + 7 = 4 என்றால் இரு பக்கமும் 7-ஐக் கழிக்கிறோம். இடப்பக்கம் 7 மறைகிறது, வலப்பக்கம் −7 புதிதாக வருகிறது. பார்ப்பவருக்கு 7 தாவிப்போய்க் குறி மாறியதுபோலத் தெரிகிறது.

தாவுகிறது என்று நம்பிவிட்ட பிள்ளை இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும்:

−3யா = 12

‘−3 அந்தப் பக்கம் போனால் 3 ஆகும், 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4’ என்று எழுதுவார்கள். வைத்துப் பாருங்கள்: −3 × 4 = −12. தவறு. இங்கே −3 யா-வைப் பெருக்கிக்கொண்டு இருக்கிறது. பெருக்கலை அவிழ்க்க வகுக்க வேண்டும்; −3-ஆல் பெருக்கியதை −3-ஆலேயே வகுக்க வேண்டும், குறியோடு சேர்த்து. 12 ÷ (−3) = −4. ஆகவே யா = −4. இரு பக்கமும் என்ன செய்தோம் என்பதை ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சின்னதாக எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால் இந்தத் தவறு வரவே வராது. ‘இரு பக்கமும் ÷ (−3)’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

குறியோடு மல்லுக்கட்டுவதைத் தவிர்க்க இன்னொரு நல்ல வழியும் இருக்கிறது. அதைச் சொன்னவர் அல்-குவாரிஸ்மி. ஏறத்தாழ கி.பி. 820-இல் பாக்தாத்தில் இருந்து அவர் எழுதிய நூலின் பெயரில் ‘அல்-ஜபர்’ என்ற சொல் இருந்தது. நாம் இன்று அல்ஜீப்ரா என்று சொல்லும் துறைக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான். அல்-ஜபர் என்றால் குறைந்ததை நிரப்பிச் சரிசெய்வது. ஒரு பக்கத்தில் ஏதாவது கழிக்கப்பட்டுக் கிடந்தால், அதையே இரு பக்கமும் கூட்டிவிடு என்றார் அவர். கழித்தல் தானாகக் காணாமல் போய்விடும்.

20 − 3யா = 2யா + 5

இடப்பக்கம் 3யா குறைகிறது. இரு பக்கமும் 3யா கூட்டுங்கள்: 20 = 5யா + 5. இப்போது எங்கேயும் கழித்தல் குறி இல்லை! இரு பக்கமும் 5-ஐ எடுத்தால் 15 = 5யா, யா = 3. சரிபார்ப்போம்: 20 − 9 = 11, 6 + 5 = 11.

நம் முதல் கணக்கையும் இப்படிச் செய்து பாருங்களேன். 5 − யா = 8. இரு பக்கமும் யா கூட்டினால் 5 = 8 + யா. இரு பக்கமும் 8 எடுத்தால் −3 = யா. கடைசிப் படியில் ‘எதிர்’ என்று யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை. யா-வுக்கு முன்னால் கோடு இருந்தால் முதலில் அதைக் கூட்டி நிரப்பிவிடுவது, இந்தப் பாடத்தை இப்போதுதான் தொடங்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் வழி.

அடைப்புக்குறி வந்துவிட்டால் இன்னும் கவனம் வேண்டும்.

7 − (யா − 4) = 5

அடைப்புக்கு முன்னால் நிற்கும் கழித்தல், உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சொந்தம். யா-வுக்கும் அது உண்டு, −4-க்கும் அது உண்டு. ஆகவே 7 − யா + 4 = 5. ‘7 − யா − 4’ என்று எழுதுகிறவர்கள் முதல் ஆளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு இரண்டாம் ஆளை மறந்துவிடுகிறார்கள். சரியான வரியிலிருந்து 11 − யா = 5, யா = 6. வைத்துப் பார்த்தால் 7 − 2 = 5.

−4-ஐக் கழித்தால் ஏன் கூடுகிறது? இதற்கு விடை தேடி கி.பி. 628-க்குப் போக வேண்டும். இன்றைய ராஜஸ்தானில் உள்ள பின்மால் என்ற ஊரோடு தொடர்புடைய பிரம்மகுப்தர், தமது 30-ஆவது வயதில் ஒரு பெரிய நூலை முடித்தார். கூட்டல் எண்ணைச் செல்வம் என்றும் கழித்தல் எண்ணைக் கடன் என்றும் வைத்து, பூச்சியத்தையும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் விதி எழுதினார். தோட்டத்தில் வளர்ந்த பாட்டி தாத்தாவுக்கு இது உடனே விளங்கும். மாதச் சம்பளம் வரும்வரை மளிகைக்கடையில் பற்று வைத்து அரிசியும் பருப்பும் வாங்கி, சம்பளத்தன்று அடைத்த காலம் அவர்களுடையது. கடை நோட்டில் உங்கள் தாத்தா பெயரில் 20 வெள்ளி கடன் இருக்கிறது. கடைக்காரர் ‘பேத்தி பிறந்திருக்கிறாள், இந்த மாதக் கணக்கு வேண்டாம்’ என்று அந்த வரியை அடித்துவிடுகிறார். தாத்தாவின் கையில் ஒரு காசும் புதிதாக வரவில்லை. ஆனாலும் அவர் நிலை 20 வெள்ளி உயர்ந்துவிட்டது. கடனைக் கழித்தால் அது கூட்டல். பிரம்மகுப்தர் விதியும் இதையே சொல்கிறது.

பெருக்கலில் கடன் கணக்கு அவ்வளவு சுலபமாகப் பொருந்தாது. கடனைக் கடனால் பெருக்குவது என்றால் யாருக்கு என்ன புரியும்? அங்கே கணக்கையே சாட்சிக்குக் கூப்பிடுவோம். 5-ம் −5-ம் சேர்ந்தால் பூச்சியம். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். ஆகவே −2 × (5 + (−5)) = 0. அடைப்பைப் பிரித்தால் −2 × 5 ஒன்று, −2 × (−5) மற்றொன்று. முதலாவது −10. இரண்டும் சேர்ந்து பூச்சியம் ஆக வேண்டும் என்றால் இரண்டாவது 10 ஆகத்தான் இருக்க முடியும். வேறு எந்த எண்ணைப் போட்டாலும் கூட்டல் பெருக்கல் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஆசிரியர் சொன்னார் என்பதற்காக இந்த விதியை நம்ப வேண்டியதில்லை. இந்த நான்கு வரியை நீங்களே எழுதிப் பாருங்கள்.

அதை வைத்து ஒரு கணக்கு: −2(யா − 3) = 10. பிரித்தால் −2யா + 6 = 10. (−2 × −3 = 6; இங்கே −6 எழுதுவதுதான் வழக்கமான தவறு.) இரு பக்கமும் 6 எடுத்தால் −2யா = 4. இரு பக்கமும் −2-ஆல் வகுத்தால் யா = −2. சரிபார்த்தல்: −2 − 3 = −5, −2 × −5 = 10.

இந்தக் குறி மனிதர்களுக்கு எவ்வளவு காலம் பிடிபடாமல் இருந்தது தெரியுமா? கிரேக்கக் கணிதர் டயோஃபாண்டஸ் 4யா + 20 = 4 போன்ற ஒரு சமன்பாட்டைப் பார்த்து ‘இது அபத்தம்’ என்று ஒதுக்கிவிட்டார். உங்களுக்கு இப்போது அதன் விடை தெரியும்: −4. சீனாவில் கணக்குக் குச்சிகளை வைத்துக் கணக்குப் போட்டவர்கள் கூட்டலுக்குச் சிவப்புக் குச்சியும் கழித்தலுக்குக் கருப்புக் குச்சியும் வைத்தார்கள் என்று கி.பி. 263-இல் லியூ ஹுயி எழுதிவைத்திருக்கிறார். பெஷாவர் அருகே 1881-இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பக்ஷாலி ஏட்டில் இன்னொரு வியப்பு: எண்ணுக்குப் பின்னால் ஒரு சிலுவைக் குறி போட்டால் அது கழித்தல் எண்! நாம் கூட்டலுக்குப் போடும் அதே + வடிவம். பாஸ்கரர் காலத்தில் எண்ணின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். இப்போது நாம் எழுதும் + − குறிகள் அச்சில் வந்தது 1489-இல், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் யோஹன்னஸ் விட்மன் வெளியிட்ட வணிகக் கணக்கு நூலில். சமக்குறியை ராபர்ட் ரெக்கார்ட் கொண்டுவந்தது 1557-இல். இவ்வளவு பேர் இவ்வளவு நூற்றாண்டுகள் யோசித்துச் சேர்த்ததை நீங்கள் ஒரே ஆண்டில் கற்றுக்கொள்கிறீர்கள். கொஞ்சம் தடுமாறினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விடை எதிர்மறையாக வந்துவிட்டால் ‘எங்கோ தப்புப் பண்ணிவிட்டேன்’ என்று அழிப்பானைத் தேடும் பிள்ளைகளும் உண்டு. அழிக்காதீர்கள். முதலில் விடையை உள்ளே வைத்துப் பாருங்கள். பொருந்தினால், அந்தக் கோடு உங்களுக்கு ஏதோ செய்தி சொல்கிறது.

சிலாங்கூர் ஆறு நம் உலு சிலாங்கூர் மலைப்பக்கமிருந்து இறங்கி, பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, மின்மினிகளுக்குப் பேர்போன கம்போங் குவாந்தான் வழியாகக் கோலசிலாங்கூரில் கடலில் சேர்கிறது. ஆற்றின் கடைசிப் பகுதியில் கடல் பெருகும்போது தண்ணீர் திரும்பி உள்நாட்டுப் பக்கம் ஏறும். ஒரு படகு நிலைத்த நீரில் மணிக்கு 6 கிலோமீட்டர் போகும் என்று வைப்போம். கடலை நோக்கிப் போகிறது. ஆற்றின் ஓட்டம் யா. கடலை நோக்கி ஓடினால் கூட்டல். கரையிலிருந்து அளந்தால் படகு மணிக்கு 4 கிலோமீட்டர்தான் போகிறது. 6 + யா = 4. யா = −2. கோடு சொல்லும் செய்தி: கடல் பெருகிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் எதிரே வருகிறது. கடலை எட்டிப் பார்க்காமலே சமன்பாடு சொல்லிவிட்டது!

பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதியில் இதேபோல ஒரு விடை வருகிறது. ஒரு முக்கோணம். அடிப்பக்கம் 9, மற்ற இரண்டு பக்கங்கள் 10, 17. உச்சியிலிருந்து நேர்க்குத்தாக ஒரு கோடு இறக்கினால் அது அடிப்பக்கத்தை இரண்டு துண்டாக்கும். 10 இருக்கும் பக்கத்துத் துண்டு யா, 17 பக்கத்துத் துண்டு கா என்றால், இரண்டும் சேர்ந்து யா + கா = 9. பெரிய வகுப்பில் நீங்கள் படிக்கப்போகும் பித்தாகரஸ் விதியைப் போட்டால் கா − யா = 21 என்றும் வருகிறது. இரண்டையும் கூட்டுங்கள்: 2கா = 30, கா = 15. முதல் சமன்பாட்டில் வைத்தால் யா + 15 = 9, யா = −6.

அடிப்பக்கமே 9 தான். அதன் ஒரு துண்டு 15, இன்னொன்று −6. பாஸ்கரர் அதை அழிக்கவில்லை. கழித்தல் என்றால் எதிர்த்திசை என்று விளக்கம் சொன்னார்.

நீங்களே வரைந்து பாருங்கள். தாளின் நடுவில் 9 செ.மீ. கோடு போடுங்கள். இடது முனையிலிருந்து 10 செ.மீ. நூல், வலது முனையிலிருந்து 17 செ.மீ. நூல், இரண்டின் நுனிகளும் கோட்டுக்கு மேலே சந்திக்கும் இடத்தில் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி கோட்டுக்கு நேர் மேலே இருக்காது, இடப்பக்கம் வெளியே தள்ளி இருக்கும். கோட்டை இடப்பக்கம் நீட்டி, புள்ளியிலிருந்து மூலைமட்டத்தால் நேர்க்குத்தாக இறக்குங்கள். கோடு விழுந்த இடத்திலிருந்து இடது முனைவரை அளந்தால் 6 செ.மீ., வலது முனைவரை அளந்தால் 15 செ.மீ., உயரம் 8 செ.மீ.